பக்கம் மாறினால் குறி மாறுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "தம்பி, நூற்பாலைத் தொழில்ல இப்ப என்ன வாய்ப்பு இருக்குன்னு பசங்களுக்குக் கொஞ்சம் பேசு" என்றார். நான், "அண்ணே, ஏழாம் வகுப்புக் கணக்கைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சாப்பாடு ஆறுறதுக்குள்ள முடிச்சிரு" என்றார். அந்த அனுமதியின் பேரில்தான் இங்கே நிற்கிறேன்.

பொறியியல் கல்லூரி மேடையில் ஏழாம் வகுப்புக் கணக்கு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். காரணம் சொல்கிறேன். நான் ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் பையன்களிடம் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று. மோட்டார் புல்லி 5 அங்குலம், மெஷின் புல்லி 10 அங்குலம். மெஷின் எத்தனை சுற்று ஓடும்? எல்லோரும் 720 என்று சொல்லிவிடுவார்கள். "சரி, எனக்கு 960 சுற்று வேணும். மோட்டார் புல்லியை மாத்த மாட்டேன். மெஷின் பக்கம் என்ன புல்லி போடலாம்?" இங்கேதான் அமைதி. ஒருவன், "ஃபார்முலாவை மாத்தி எழுதணுமா சார்?" என்று கேட்பான். இன்னொருவன் 13 அங்குலத்துக்கு மேல் என்பான். கேட்டால், "வேகம் கூடணும்னா புல்லியும் பெருசாகணும்ல சார்."

விடை ஏழரை அங்குலம். 1440-ஐ 5-ஆல் பெருக்கினால் 7200. அந்த 7200 மெஷின் பக்கமும் வரவேண்டும். 960-ஐ எதால் பெருக்கினால் 7200? அவ்வளவுதான் கணக்கு. பையன்களுக்குப் பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியும். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் என்ன உறவு என்பதுதான் தெரியாது. இந்தக் கோளாறு பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ வந்தது இல்லை. ஆறு, ஏழாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கோளாறை நானே என் கையால் ஒரு பையனுக்கு உண்டாக்கி இருக்கிறேன்.

என் ஊர் கான்சாபுரம். 2025-இல் இன்ஸ்டாகிராம் பார்த்துக் கூமாப்பட்டியைத் தெரிந்து கொண்டவர்களுக்குச் சொல்கிறேன், அதற்குப் பக்கத்து ஊர்தான் எங்களுடையது. மேற்கே மலை, பிளவக்கல் அணைத் தண்ணீர், நெல், தென்னை. கல்லூரிக்கு நான் வத்திராயிருப்பு பஸ் பிடித்து, கிருஷ்ணன்கோவில் வழியாக வந்து போனது என் வகுப்புத் தோழர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் பீரியட் அட்டெண்டன்ஸில் நான் இருந்தது அபூர்வம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மில் நின்றது. பள்ளிக்கூடமும் மூடியது. மில் சில மாதத்தில் திறந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஐந்தாம் வகுப்புக் கடைசியில் வீட்டுக்கு வந்த பிள்ளை நேரே ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் எட்டுப் பிள்ளைகளை வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். என்ஜினியர் அல்லவா, ஏழாம் வகுப்புக் கணக்கு நமக்கு எம்மாத்திரம் என்ற எண்ணம். வந்தவர்களில் என் அக்கா மகனும் ஒருவன்.

சமன்பாடு வந்தது. எக்ஸ் + 5 = 12. எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே நானும் சொன்னேன்: "பக்கம் மாறினா குறி மாறும். 5-ஐ அந்தப் பக்கம் கொண்டு போ, பிளஸ் மைனஸ் ஆகும்." எட்டுப் பேரும் சரியாகப் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் 3 எக்ஸ் = 12 என்று எழுதிப் போட்டேன். என் மருமகன் எக்ஸ் = 9 என்று எழுதினான்.

"எப்படிடா மாப்ளே 9?"

"நீங்கதான மாமா சொன்னீங்க, பக்கம் மாறினா குறி மாறும்னு. 3 பிளஸ்ல தான இருக்கு. மைனஸ் ஆயிருச்சு. 12-ல 3 போனா 9."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெருக்கல்டா, வகுக்கணும். இதுகூடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயிற்று வலி. அதற்கு அடுத்த வாரமும் வயிற்று வலி. அக்கா என்னிடம், "விடு தம்பி, அவனுக்குக் கணக்கு வராது. நம்ம வீட்ல உனக்கு வந்ததே அதிசயம்" என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று ஒரு குடும்பமே தீர்மானம் பண்ணிவிட்டது. அதற்குக் காரணம் நான் கொடுத்த ஒரே ஒரு வாக்கியம்.

மூன்றாவது வாரம் நானே அக்கா வீட்டுக்குப் போனேன். நோட்டு எதுவும் எடுத்துக் கொண்டு போகவில்லை. வாசலில் தேங்காய் குவித்துப் போட்டிருந்தது. "மாப்ளே, மூணு மூட்டை இருக்கு. மூணுலயும் ஒரே எண்ணிக்கை. மொத்தம் 12 காய். ஒரு மூட்டையில எத்தனை?" என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள், "நாலு" என்றான். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற பார்வை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு வகுத்தல் தெரியும், எங்கே வகுக்க வேண்டும் என்பதும் தெரியும். நான் கொடுத்த சூத்திரம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறைத்துவிட்டது. 3 எக்ஸ் என்பதை மூன்று மூட்டை என்று அவன் பார்க்கவே இல்லை. 3 என்று ஒரு எண், பக்கத்தில் ஏதோ ஒரு எழுத்து, நடுவில் ஒரு எல்லைக்கோடு. எல்லையைத் தாண்டினால் வேஷம் மாறும். அவனுக்கு இயற்கணிதம் என்றால் அதுதான்.

அந்த எல்லைக்கோடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமக்குறி என்பதை நம் பிள்ளைகள் என்னவென்று நினைக்கிறார்கள்? ஒரு சோதனை செய்து பாருங்கள். 8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று கேளுங்கள். எங்கள் திண்ணையில் ஆறு பேர் 12 என்றார்கள். ஒருவன் மூன்றையும் கூட்டி 17 என்றான். ஒரே ஒரு பிள்ளைதான் 7 என்றது. இது கான்சாபுரத்துப் பிள்ளைகளின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். இதே கேள்வியை அமெரிக்காவில் 145 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 145 பேருமே 12 அல்லது 17 என்று எழுதியிருக்கிறார்கள். 1999-இல் வெளிவந்த ஆய்வு அது.

காரணம் எளிது. ஒன்றாம் வகுப்பிலிருந்து சமக்குறிக்கு வலது பக்கம் விடையைத் தவிர வேறு எதையும் பிள்ளை பார்த்ததில்லை. ஆகவே அந்தக் குறிக்கு "விடையை எழுது" என்று அர்த்தம். கால்குலேட்டரிலும் அந்தப் பொத்தான் அதைத்தானே செய்கிறது! இந்தக் குறியை 1557-இல் முதன்முதலில் அச்சில் போட்டவர் ராபர்ட் ரெக்கார்டு. அவர் இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவற்றைவிடச் சமமான வேறு இரண்டு பொருள் இருக்க முடியாது என்பதுதான். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்பதைத் தவிர அந்தக் குறியில் வேறு ஒன்றும் இல்லை.

சரி, தராசை வைத்து விளக்கலாம் என்று போனேன். "தராசு மாதிரிப்பா, ரெண்டு தட்டும்..." என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் எலக்ட்ரானிக் தராசு. மேலே வைத்தால் நம்பர் வரும். வத்திராயிருப்புக் கடைகளிலும் இப்போது அதுதானே! கடைசியில் சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு ஓரத்திலும் சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, புளியங்கொட்டையை வைத்து ஒரு தராசு செய்தேன். நான்கு வருஷம் இயந்திரவியல் படித்ததற்கு அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பிராஜக்ட். சிறிய பொட்டலம் ஒன்றில் கொட்டைகளைக் கட்டி ஒரு தட்டில் வைத்து, கூடவே 5 கொட்டை போட்டு, எதிர்த்தட்டில் 12 போட்டால் நேராக நிற்கும். பொட்டலத்தில் எத்தனை? பிள்ளைகள் தாங்களாகவே இரண்டு பக்கமும் ஐந்தைந்து எடுத்தார்கள். எதையும் யாரும் பக்கம் மாற்றவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

உண்மையில் ஆல்ஜிப்ரா என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல் குவாரிஸ்மி தம் நூலின் தலைப்பில் அல் ஜப்ர் என்ற சொல்லைப் போட்டார். குறைந்திருப்பதைச் சரிசெய்வது என்று பொருள். ஒரு பக்கம் கழிக்கப்பட்டிருந்தால் இரண்டு பக்கமும் அதைக் கூட்டிச் சரிசெய்வது. ஸ்பெயினில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரை அல்ஜிப்ரிஸ்டா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நம்ம புத்தூர்க் கட்டு மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். சம்ஸ்கிருதத்தில் பீஜகணிதம், அதாவது விதைக் கணக்கு. இலங்கைத் தமிழர்கள் அட்சரகணிதம் என்பார்கள். நாம் இயற்கணிதம் என்கிறோம். பெயர் எதுவானாலும் எழுத்து முக்கியம் இல்லை. எழுத்து வருவதற்கு முன்னால் எண்களிலேயே உறவைப் பார்க்கப் பழக வேண்டும் என்பதுதான் நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக் கொண்டது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் எக்ஸ் என்ற எழுத்தையே எழுதவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: கணக்குப் போடக் கூடாது, பார்த்துச் சொல்ல வேண்டும். 47 + 36 பெரிதா, 48 + 35 பெரிதா? முதலில் எல்லோரும் விரல் மடக்கினார்கள். கையைப் பின்னால் கட்டச் சொன்னேன். ஒரு பிள்ளை, "இங்க ஒண்ணு கூடுது, அங்க ஒண்ணு குறையுது, சமம்தாண்ணே" என்றது. அடுத்து, 27 × 6 = 162 என்று நானே சொல்லிவிட்டு, 27 × 7 எவ்வளவு என்றேன். இன்னொரு 27 சேர்க்க வேண்டும். 28 × 6? இன்னொரு 6 சேர்க்க வேண்டும். ஒரே மாதிரி ஒன்று கூடினாலும் ஒரு இடத்தில் 27 கூடுகிறது, இன்னொரு இடத்தில் 6 கூடுகிறது. ஏன் என்று அரை மணி நேரம் சண்டை. கடைசியில் புளியங்கொட்டையை வரிசை வரிசையாக அடுக்கித்தான் அந்தச் சண்டை தீர்ந்தது.

கழித்தலில்தான் பெரிய ஆச்சரியம். 100 − 38 = 62. அப்படியானால் 100 − 39? ஐந்து பேர் 63 என்றார்கள். "39 பெருசுல்ல, அப்ப விடையும் பெருசாகணும்." நம்ம புல்லிப் பையன் சொன்ன அதே பதில்! அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏழு வருஷம் கழித்து என்னிடம் வேலை கேட்டு வரப்போகிறவன் இங்கே என் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். நூறு ரூபாயை எடுத்துக் கொண்டு கடைக்குப் போகிற மாதிரி நடித்துக் காட்டினோம். அதிகம் செலவழித்தால் மீதி குறையும். சிரித்துக் கொண்டே மாற்றிக் கொண்டார்கள்.

இதையெல்லாம் நான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அது பொய். தேடிப் பார்த்தபோது, நம் நாட்டிலேயே இதை ஒழுங்காகச் செய்து பார்த்தவர்கள் இருப்பது தெரிந்தது. மும்பையில் டாடா நிறுவனத்தைச் சேர்ந்த ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் கே. சுப்ரமணியம், ராகி பானர்ஜி என்ற இருவர், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதில் உழைத்திருக்கிறார்கள். எண்கணிதத்திலிருந்து இயற்கணிதத்துக்குப் போக அவர்கள் பிடித்த கயிறு உறுப்பு என்ற ஒரே கருத்து. 20 − 5 + 3 என்பதில் மூன்று உறுப்புகள்: +20, −5, +3. குறி தன் வலது பக்கத்து எண்ணுக்குச் சொந்தம். எங்கே போனாலும் அது தன் குறியைச் சுமந்து கொண்டுதான் போகும். 5 + 3 × 4 என்பதில் உறுப்பு இரண்டுதான்: +5 ஒன்று, +3 × 4 இன்னொன்று. பெருக்கல் ஒரே கட்டாக இருக்கும், அதைப் பிரித்து 5-உடன் ஒட்ட முடியாது.

நான் அதை எங்கள் ஊர்ப் பாஷையில் உதிரி, மூட்டை என்று மாற்றிக் கொண்டேன். உதிரிக் காய் 5, நாலு காய் வீதம் மூணு மூட்டை. மொத்தம் 17. இதில் 5-ஐயும் 3-ஐயும் கூட்டி 8 மூட்டை ஆக்கினால் தோப்புக்காரர் அடிக்க வருவார். போட்மாஸ் என்று மந்திரம் சொல்லாமலே பிள்ளைகள் சரியாகப் போட்டார்கள். 20 − 5 + 3-க்கு, பின்னால் இருப்பதை முதலில் கூட்டி 12 என்று எழுதும் பழைய வியாதியும் போனது. 2025-இல் வந்த ஏழாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் எண் கோவைகள் பாடமே இந்த உறுப்புக் கருத்தை வைத்துத்தான் நடக்கிறது. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு அந்தப் புத்தகம் வராது. ஆனால் கருத்துக்கு எந்தப் பாடத்திட்டமும் தேவை இல்லை.

இனி, திரும்பி வருதல். பராமரிப்பு வேலை பார்க்கிறவனுக்குத் தெரிந்த ஒரே தத்துவம், கடைசியில் மாட்டியதை முதலில் கழற்று என்பதுதான். சைக்கிள் பின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினேன். மாட்டும்போது வாஷர், அப்புறம் நட்டு. கழற்றும்போது நட்டு, அப்புறம் வாஷர். வாஷரை முதலில் கழற்ற முடியுமா? பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு விளையாட்டு. ஒருவர் மனதில் ஒரு எண்ணை நினைக்க வேண்டும். அதை 4-ஆல் பெருக்கி 6 கூட்டினால் 50 வந்தது என்று சொல்வார். நினைத்தது என்ன? 6 கடைசியில் மாட்டியது, முதலில் கழற்று: 44. அடுத்து 4-ஆல் வகு: 11. கூட்டலைக் கழற்றுவது கழித்தல், பெருக்கலைக் கழற்றுவது வகுத்தல்.

இதை 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபடர் தம் ஆரியபடீயத்தில் ஒரே சுலோகத்தில் விதியாகச் சொல்லி வைத்திருக்கிறார். விடையிலிருந்து பின்னோக்கி நடக்கும்போது பெருக்கியதால் வகுக்க வேண்டும், வகுத்ததால் பெருக்க வேண்டும், கூட்டியதைக் கழிக்க வேண்டும், கழித்ததைக் கூட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. நம் தமிழிலும் காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் ஒரு பலாப்பழக் கணக்கு உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்பார். எங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்வி: 60 சுளை இருந்தால் முள் எத்தனை? 5-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 50. அதோடு விட்டார்களா? நிஜப் பழம் ஒன்று வாங்கி எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம். எண்ணினோம். சுளை பொருந்தவில்லை. எங்கே காம்பு முடிகிறது, எங்கே முள் ஆரம்பிக்கிறது என்பதிலேயே எங்களுக்குள் ஏகப்பட்ட அபிப்பிராய பேதம். பழம் மட்டும் நன்றாக இருந்தது.

இந்த 50 கணக்கில்தான், இத்தனை வருஷத்தில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு சம்பவம் நடந்தது. அன்று என் மருமகனும் திரும்ப வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவன், "முதல்ல 4-ஆல வகுத்தா என்ன மாமா?" என்றான். முன்பு மாதிரி இருந்திருந்தால் "தப்பு" என்று சொல்லியிருப்பேன். இந்தத் தடவை வாயை மூடிக் கொண்டு, "செஞ்சு பாரு" என்றேன். 50-ஐ 4-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. அதில் 6 போனால் ஆறரை. 11 வரவில்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது. வாஷரை முதலில் கழற்றிவிட்டான் என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, அதிகம் பேசாத பிள்ளை, "அண்ணே, மூட்டையை நாலாப் பிரிச்சா உதிரியையும் நாலாப் பிரிக்கணும்ல?" என்றது. எனக்கே ஒரு நொடி புரியவில்லை. நாலு மூட்டையும் 6 உதிரியும் சேர்ந்து 50 காய். இதை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு மூட்டையும், உதிரியில் ஒன்றரைக் காயும், ஆகமொத்தம் பன்னிரண்டரை. பன்னிரண்டரையில் ஒன்றரை போனால் 11! என் மருமகன் குதித்தே விட்டான். அவன் போன வழி தவறு இல்லை, பாதியில் நின்றுவிட்டான், அவ்வளவுதான். பெருக்கல் கூட்டலுக்குள் எப்படிப் பரவும், வகுத்தலும் அப்படியே பரவும் என்பதற்குப் புத்தகத்தில் பங்கீட்டு விதி என்று பெயர். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயர் அன்று தெரியாது. பெயர் தெரிந்த எனக்கோ, அது இந்த வேலையைச் செய்யும் என்று தோன்றவே இல்லை.

2006-இல் கணிதக் கல்வி பற்றி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், அப்போது சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம். கணிதக் கல்வியின் பிரச்சினைகள் என்று அவர்கள் பட்டியல் போட்டதில் முதலாவதாக வைத்தது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு உள்ள பயத்தையும் தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தையும்தான். அதைப் படித்தபோது எனக்கு வயிற்று வலிதான் ஞாபகம் வந்தது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எட்டுப் பேரில் ஒருவன் பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தறி வேலைக்குப் போய்விட்டான். 17 என்று சொன்னவன் அவன்தான். அவன் வீட்டுக் கஷ்டத்துக்குச் சமக்குறியைச் சொல்லிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் மருமகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் 61 வாங்கினான். அக்காவுக்கு அது 100. இப்போது பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான். புல்லிக் கேள்வியை அவனிடம் கேட்டேன். "மோட்டார் பக்கம் 7200, இந்தப் பக்கமும் 7200 வரணும், 960-ஆல வகுத்தாப் போதும்ல மாமா" என்றான். ஃபார்முலா கேட்கவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக் கொள்ளக் கூடாது. பக்கம் மாறினால் குறி மாறும் என்பது தவறான விதியும் அல்ல. நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், பரிட்சைத் தேதி என்று நிற்கிற ஆசிரியருக்கு அது ஒரு குறுக்கு வழி. எனக்கு நாற்பது பிள்ளைகள் இல்லை, பரிட்சை இல்லை, எட்டே பேர். நான் ஏன் குறுக்கு வழியில் போனேன் என்பதுதான் என் கேள்வி. வழி எனக்குத் தெரியாமலே குறுக்கு வழி தெரிந்து வைத்திருந்தேன் என்பதுதான் உண்மை. பொறியியல் கணிதத்தில் நான்கு செமஸ்டர் தேறியவன் நான்!

போன மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். "அண்ணே, எல்லாத்தையும் கழட்டிடலாம்னு சொன்னீங்களே. ஒரு எண்ணை நெனச்சு 0-ஆல பெருக்கிட்டா எப்படிக் கழட்டுறது?" நானும் உங்களைப் போலத்தான், "0-ஆல் வகுக்கக் கூடாது" என்று மனப்பாடம் செய்தவன். ஏன் கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவன் 5 நினைத்தாலும் 0, 8 நினைத்தாலும் 0. எங்கிருந்து கிளம்பினோம் என்ற அடையாளமே அழிந்துவிடுகிறது. திரும்பிப் போக வழி இல்லை. அதனால்தான் கூடாது. அதை அவனுக்குச் சொல்லும்போது எனக்கு வயது முப்பத்தாறு.

செயலாளர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக் கொள்கிறேன். வகுப்பு இப்போதும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது. பிள்ளைகள் பத்தொன்பது ஆகிவிட்டார்கள், திண்ணை பத்தவில்லை. விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்புக்கு பஸ் ஏறி, அங்கே இறங்கிக் கான்சாபுரம் என்று கேட்டால் வழி சொல்வார்கள். நன்கொடை எதுவும் வேண்டாம். ஆனால் ஹேங்கர் தராசு நேற்று உடைந்துவிட்டது. பழைய இரட்டைத் தட்டுத் தராசு யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் தயவுசெய்து கொண்டு வாருங்கள்.